மரக்கோயிலை இடிக்க வேண்டாம், கூரையை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவின் மோன் மாநிலத்தில் முடோன் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். பழைய மரக்கோயிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் சிமெண்டில் பெரிதாகக் கட்டப் போகிறார்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்கள் தாராளமாக உதவ வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உதவி கேட்பது நல்ல விஷயம்தான். ஆனால் இப்போது நிற்கிற கோயில் எப்படிப்பட்டது, யார் கட்டியது, அது போனால் நமக்கு என்னவெல்லாம் போகும் என்று அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு ஞானஸ்நானம் அங்கேதான் கொடுத்தார்கள், என் அப்பா அம்மா கல்யாணமும் அங்கேதான் நடந்தது. பிழைப்பு ரங்கூனில் என்றாலும் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விடுவேன். அதனால் அந்த விவரங்களை நானே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில் தரையோடு தரையாக நிற்கவில்லை. குனிந்து அடியில் நுழைந்து வரலாம், அந்த அளவுக்குத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். தூண்கள் எல்லாம் பியின்கடோ மரம். இந்த நாட்டில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டைகள் இந்த மரத்தில் அறுத்தவைதான், ஆணி அடித்தால் ஆணி வளையும், அவ்வளவு கெட்டி. சுவரும் தளமும் தேக்குப் பலகை, ஒவ்வொன்றும் இன்றைக்குக் கடையில் தேடினாலும் கிடைக்காத அகலம். தூணும் விட்டமும் சேருகிற இடத்தில் இரும்பே கிடையாது. கழுந்து செதுக்கி, துளையில் செருகி, மர ஆப்பு அடித்திருக்கிறார்கள். சன்னலில் கண்ணாடி இல்லை, சாய்வாக வைத்த பலகைகள்தான், காற்று வரும், சாரல் வராது. கூரை இரண்டு அடுக்கு, நடுவில் வெக்கை வெளியேற இடைவெளி விட்டிருக்கிறார்கள், பர்மிய மடங்களில் நாம் பார்க்கிற அதே முறை. கூரை விளிம்புப் பலகையில் பர்மியப் பூவேலை ஓடுகிறது. உள்ளே போய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தூண்களை அண்ணாந்து பார்த்தால், தூண் தலையில் வாழைப்பூ மொட்டு வைத்த போதிகை! தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத்தில் இருக்க வேண்டியது மோன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் அந்தோணியார் பீடத்துக்கு மேலே இருக்கிறது. நம் ஆள் ஒருவர் சொல்லச் சொல்ல மோன் தச்சர் செதுக்கினாரோ, நம் ஆளே செதுக்கினாரோ, எப்படியானாலும் இப்படி ஒரு கலவையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இதை ஒரு ஏழை ஊரின் தற்காலிக ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நினைப்பது சரியில்லை. ரங்கூனில் 1911-ல் கட்டி முடித்த பெரிய மாதா கோயிலுக்கு நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் கைப்பர்ஸ் வரைபடம் போட்டார், செங்கல்லும் பணமும் அதற்குக் கிடைத்தன. எங்கள் ஊரில் இருந்தவர்கள் ரப்பர் தோட்டத்திலும் அரிசி ஆலையிலும் மர அறுவை ஆலையிலும் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். பக்கத்தில் மௌல்மீன். 1827 முதல் 1852 வரை ஆங்கிலேய பர்மாவுக்கு அதுதான் தலைநகரம். சல்வீன் ஆற்றில் மிதந்து வந்த தேக்கை அறுத்து ஏற்றுமதி செய்ததும், அதே தேக்கில் கப்பல் கட்டியதும் அங்கேதான். மரத்தைப் புரிந்த கைகள் அந்த வட்டாரம் முழுவதும் இருந்தன. இருந்த மரத்தையும் இருந்த கையையும் வைத்து அவர்கள் தங்களால் முடிந்ததில் மிகச் சிறந்ததைக் கட்டினார்கள்.

காரைக்குடிப் பக்கம் போய் வந்த நம்மவர்கள் அங்கே செட்டியார் வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்த ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக்க வேண்டும் என்று இந்தியா 2014-லேயே யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நல்லது. இதே மண்ணில் வளர்ந்த அதே தேக்கு, தமிழ்க் கூலிக்காரர்கள் காசு சேர்த்துக் கட்டிய கோயிலில் நிற்கும்போது மட்டும் "பழைய பலகை" ஆகிவிடுகிறதா?

செங்கல் கோயில்கள் இந்த நாட்டில் பல இருக்கின்றன, அவற்றைப் பற்றி எழுதவும் ஆள் இருக்கிறது. ரங்கூனுக்குப் பக்கத்தில் சிரியத்தில் 18-ஆம் நூற்றாண்டில் பர்னபைட் சபைக் குருக்கள் கட்டிய கோயிலின் வெறும் சுவர்கள்தான் மிச்சம், அதையும் போய்ப் பார்க்கிறோம். மரக்கோயில் அப்படிச் சுவரைக்கூட விட்டுவைக்காது. எரிந்தால் சாம்பல், பிரித்தால் விறகு, அல்லது மேசை நாற்காலி. மண்டலாயில் ஷ்வேநந்தா மடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். மின்டோன் மன்னரின் அரண்மனையில் ஒரு பகுதியாக இருந்ததைத் தீபா மன்னர் பிரித்து எடுத்து வெளியே கொண்டுவந்து மடமாக்கினார். 1945-ல் போரில் அரண்மனை எரிந்துபோனது, அந்த ஒரு மரக்கட்டடம் தப்பித்ததற்குக் காரணமே அது வெளியே இருந்ததுதான். இன்வாவில் 1834-ல் கட்டிய பகாயா மடத்தில் 267 தேக்குத் தூண்கள் என்று வழிகாட்டிகள் சொல்லிக் காட்டுகிறார்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே மௌல்மீனில் மின்டோன் மன்னரின் ராணி பெயரில் மரவேலைக்குப் பேர்போன மடம் இருக்கிறது. மரத்தில் கட்டியது என்பதற்காக இவற்றில் எதையும் யாரும் குறைவாகப் பேசுவதில்லை. மாதா கோயில் என்று வந்தால் மட்டும் சிமெண்டில் இருந்தால்தான் கௌரவம் என்ற எண்ணம் நமக்கு எப்படியோ வந்துவிட்டது.

வெளி உலகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். போலந்து நாட்டின் தெற்கே சின்னச் சின்ன கிராமங்களில் இருக்கும் 6 கத்தோலிக்க மரக்கோயில்களை 2003-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2000-ல், சிலி நாட்டின் சிலோயே தீவுகளில் இருக்கும் மரக்கோயில்களைச் சேர்த்தது, மொத்தம் 16. அவற்றைக் கட்டியவர்கள் அந்தத் தீவுகளின் தச்சர்கள், படகு கட்டத் தெரிந்த கைகள். வெளியிலிருந்து வந்த சாமியார்கள் கோயிலின் அமைப்பைச் சொன்னார்கள், உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த மர வேலையில் அதைச் செய்துகாட்டினார்கள். எங்கள் ஊர்க் கதையும் கிட்டத்தட்ட அதுதான். எங்கள் கோயிலை உலகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இடிப்பதற்கு முன் ஒரு தடவை யோசிக்கச் சொல்கிறேன்.

இனி இடிக்க வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். அவர்கள் எனக்கு உறவுக்காரர்கள், கூடப் படித்தவர்கள், கெட்ட எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. 2025 மார்ச் 28-ஆம் தேதி நிலநடுக்கத்துக்குப் பிறகு எல்லோர் மனதிலும் பயம் உட்கார்ந்துவிட்டது. 7.7 அளவு என்றார்கள். மண்டலாய், சாகாயிங் பக்கம் நடந்ததைப் பார்த்த யாருக்கும் பயம் வராமல் இருக்காது. ஆனால் அங்கே விழுந்தவை என்ன என்றும் பார்க்க வேண்டும். செங்கல் கோபுரங்கள், செங்கல் மடங்கள், பள்ளிவாசல்கள், கம்பி சரியாகக் கட்டாத மாடி வீடுகள். மரச்சட்டம் இலேசானது, கழுந்து இணைப்பு ஆட்டத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடும், கனமான கூரையும் செங்கல் சுவரும்தான் ஆட்களை நசுக்குகின்றன. 1930 மே மாதம் பெகுவில் ஷ்வேமோடோ பகோடாவைக் கீழே தள்ளிய நிலநடுக்கத்தின்போதும் ஆட்டத்தில் பெரும்பாலும் அடி வாங்கியது செங்கல்லும் கல்லும்தான். மரம் எதற்கும் அசையாது என்று நான் சொல்லவில்லை. 2008-ல் நர்கீஸ் புயல் டெல்டா பக்கம் மரவீடுகளை எப்படி வாரிக்கொண்டு போனது என்று தெரியும். கூரையைத் தூணோடு சரியாகப் பிணைக்கவில்லை என்றால் காற்று தூக்கும், தூணின் அடி இற்றுப்போயிருந்தால் கட்டடம் சாயும். அதனால்தான் அடித்தூணையும் கூரையையும் பாருங்கள் என்கிறேன்.

அடித்தூண் ஏன் இற்றுப்போனது என்பது தனிக்கதை. நான் சிறுவனாக இருந்தபோது கோயிலுக்கு அடியில் காற்று தாராளமாகப் போய்வரும், கறையான் ஏறினால் தூணில் மண்கோடு தெரியும், கோயில் பிள்ளை தாத்தா உடனே தட்டிவிட்டு எண்ணெய் பூசிவிடுவார். பிற்பாடு யாரோ ஒரு நல்ல மனிதர் பணம் கொடுத்தார் என்று கீழே சுற்றிச் சுவர் எழுப்பி அறை ஆக்கினார்கள், பெஞ்சும் பந்தல் சாமானும் போட்டு வைக்கலாம் என்று. தூண்களைச் சுற்றிச் சிமெண்டும் போட்டு இறுக்கினார்கள். அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை. சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லை, காற்று இல்லை, கறையான் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வெளிச்சம் இல்லை. எங்கள் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. அந்த ஈரத்தில் எந்த மரம் தாங்கும்? பியின்கடோ என்பதால் இவ்வளவு காலம் தாங்கியது.

இதற்குத் தீர்வு இருக்கிறது, ஊரிலேயே இருக்கிறது. போன திருவிழாவின்போது வயதான தச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அடியில் போய்ப் பார்த்தேன். கத்தியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: மேலே மரம் கல்லு மாதிரி இருக்கிறது, கெட்டது முழங்கால் உயரத்துக்குக் கீழேதான். ஜாக்கி வைத்துக் கட்டடத்தை ஒரு விரற்கடை தூக்கி, கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, பழைய பியின்கடோத் துண்டை வெட்டுவாய் வைத்து இணைத்து, தரையில் படாமல் கல்மேல் உட்கார வைக்கலாம், தூண் தூணாகச் செய்தால் பூசைகூட நிற்க வேண்டாம் என்றார். சுற்றுச்சுவரை எடுத்துவிட வேண்டும். கூரைத் தகரம் முழுவதும் துருப்பிடித்து ஓட்டை, அதை மாற்றியே ஆக வேண்டும், உள்ளே தண்ணீர் இறங்கிக் கைமரங்கள் சிலவும் போயிருக்கின்றன. மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தை வெளியே கெபிக்கு (சிலை வைத்த சின்னக் குகைக்கு) பக்கத்தில் வைத்துவிட்டு, ஆளுக்கு ஆள் இழுத்துப் போட்டிருக்கும் மின்சாரக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், மரக்கட்டடத்துக்கு நெருப்பு பயம் உண்மையான பயம். இவ்வளவையும் செய்ய ஆகும் செலவு புதுக்கோயில் செலவில் சிறு பங்குதான் வரும் என்று அவர் போட்டுக் காட்டினார். மதிப்பீட்டை எழுதி வாங்கி ஊர்க் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். 2014-ல் அரசாங்கம் மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திய பிறகு பழைய தேக்குக்கு நல்ல கிராக்கி. கோயில் இடியப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே பலகை வாங்குகிறேன் என்று மௌல்மீனிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் அஸ்திவாரம் போட்டுவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். நம் பாட்டன் பாட்டி முழங்கால் போட்டுத் தேய்ந்த தளப்பலகையை யாரோ ஒரு ஓட்டலின் சாப்பாட்டு மேசைக்கு விற்று அந்தக் காசில் அந்தோணியாருக்குக் கோயில் கட்டுவது எனக்குச் சம்மதம் இல்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

திருவிழாக் கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்பது நியாயமான குறை. கொடியேற்றத்தன்று பாதிப் பேர் மழையில் நிற்கிறார்கள், செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு நம் இந்துச் சொந்தங்களும் மோன் குடும்பங்களும் வருகிறார்கள், அவர்களும் வாசலில்தான். கோயிலுக்குத் தெற்கே காலி இடம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய கொட்டகை போடுவோம், இரும்புத் தூண், தகரக் கூரை, மூன்று பக்கமும் திறந்தபடி. திருவிழாப் பூசை அங்கே, மற்ற ஞாயிறுகளில் கோயிலுக்குள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் அதைக் கட்டி வாசலில் கொடுத்தவர்கள் பேரையும் எழுதுவோம், பேர் எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை.

பேர் என்றதும் பதிவேடு ஞாபகம் வருகிறது. பீடத்துக்குப் பின்னால் தகரப் பெட்டியில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. பழையவற்றைப் பிரெஞ்சுச் சாமியார்கள் லத்தீனில் எழுதியிருக்கிறார்கள்; சவரிமுத்துவும் ஆரோக்கியமும் அந்த எழுத்தில் என்னென்னவோ ஆகியிருக்கிறார்கள், ஆனாலும் உரக்கப் படித்தால் நம் ஆட்கள் என்று தெரிந்துவிடும். 1942 ஜனவரி கடைசியில் ஜப்பானியர் மௌல்மீனைப் பிடித்தபோது ஊரே சிதறியது, அந்த ஆண்டுப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. 1964-க்குப் பிறகு கடையும் தொழிலும் அரசாங்கத்திடம் போனவர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள், திருமணப் பதிவு மெலிந்துகொண்டே வருவதைப் பார்த்தாலே தெரியும். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, சுதந்திரத்துக்குப் பின் வந்த வெளிநாட்டுக் குருக்கள் 1966-ல் நாட்டைவிட்டுப் போனார்கள். சாமியார் இல்லாத காலத்தில் உபதேசியார் ஒருவர்தான் தமிழில் ஜெபமாலை சொல்லி, தவக்காலத்தில் சிலுவைப்பாதை நடத்தி, கோயிலைத் திறந்து மூடினார். இப்போது பூசை பர்மிய மொழியில், நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் "நம் ஆட்கள் இங்கே இருந்தார்கள், இதைக் கட்டினார்கள்" என்று காட்டுவதற்கு அந்த வட்டாரத்தில் வேறு என்ன இருக்கிறது? வீடுகள் கைமாறிவிட்டன, ஆலைகள் போய்விட்டன, கல்லறைச் சிலுவைகளில் பாதி புதரில். அப்படிக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் திருச்சி, சென்னைப் பக்கத்திலிருந்து தாத்தா பிறந்த ஊரைத் தேடிக்கொண்டு வருகிறார்கள், நேராகக் கோயிலுக்குத்தான் வருகிறார்கள், தூணைக் கட்டிப்பிடித்து அழுததை நானே பார்த்திருக்கிறேன். சிமெண்ட் கட்டடத்தில் அவர்களுக்கு என்னத்தைக் காட்டுவது?

அரசாங்கம் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது. 2015-ல் வந்த தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நூறு வயதைத்தான் அளவாக வைத்திருக்கிறது, எங்கள் கோயில் அந்த வயதைத் தாண்டியது, ஆனால் முடோன் பக்கத்துச் சிற்றூருக்கு எந்த அதிகாரி வரப் போகிறார்? ரங்கூன் மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் 189 கட்டடங்கள் இருக்கின்றன, அது நகரத்தோடு சரி. ஆனால் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மௌல்மீனில் அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஆரம்பித்த பாப்டிஸ்ட் சபையின் பழைய கோயிலை உலக நினைவுச்சின்ன நிதியம் முன்வந்து செப்பனிட்டது. ஷ்வேநந்தா மடத்திலும் அதே நிறுவனம்தான் வேலை செய்தது. கேட்டால் கொடுப்பார்களோ இல்லையோ, கேட்கலாம் அல்லவா? இடித்துவிட்டால் கேட்கவும் முடியாது. சாகாயிங் பகுதியில் சான் தா ஊரில் 1894-ல் கட்டிய விண்ணேற்பு மாதா கோயில் 2023 ஜனவரியில் தீயில் போனது. கலவர காலத்தில் நம் கையை மீறிப் போவது வேறு. நம் கையாலேயே இடித்துத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் நிருபரை மறுபடியும் ஊருக்கு அனுப்பி, தூண், போதிகை, கூரை விளிம்பு, பீடம் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கோயிலில் எடுத்த கல்யாணப் படமோ புதுநன்மைப் படமோ வைத்திருப்பவர்கள் பத்திரிகைக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பழைய கூரை எப்படி இருந்தது, முன்மண்டபத்தில் என்ன இருந்தது என்று தச்சருக்கு அதைப் பார்த்தால்தான் தெரியும். பங்குச் சாமியாருக்கு ஐந்தாறு ஊரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, அவரைக் குறை சொல்ல மாட்டேன்; இடிக்கும் முடிவை ஆயரிடம் அனுப்புவதற்கு முன் தச்சரின் மதிப்பீட்டையும் சேர்த்து அனுப்புங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

பிப்ரவரியில் நியாங்லேபின் லூர்து மாதா திருவிழாவில் எங்கள் ஊர்க்காரர்கள் பலரைப் பார்த்தேன். நான் சொன்னதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சரி என்றார்கள், மீதிப் பேர் ஊர்க் கூட்டத்தில் பேசுவோம் என்றார்கள். பெரிய வெள்ளிக்குப் பிறகு கூட்டம் வைப்பதாகக் கேள்வி. அந்தோணியார் திருநாள் ஜூன் 13, அதற்குள் மழை இறங்கிவிடும், தகரம் மாற்றுவதென்றால் ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு ஆளை ஏற்றினால்தான் உண்டு. என் பங்குப் பணத்தைக் கூரைக்கு என்று எழுதிய உறையில் போட்டு வைத்திருக்கிறேன், கூட்டத்தில் கமிட்டியிடம் கொடுக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் அங்கே வந்து கொடுக்கலாம்.

இப்படிக்கு,
முடோன் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்,
ரங்கூன்.